வாய்மேடு ஒண்ணு

"எங்க?" என்று கேட்பது என் தொழில்.
பதிலோடு சேர்த்து
ஊர்ப்பெயரின் நீளத்துக்கு
ஒரு வாய்க் காற்றும் எனக்குக் கிடைக்கும்.
கோட்டூர் என்றால் கொஞ்சம்.
வாய்மேடு என்றால்
வா-வில் திறந்து
மே-யில் ஒட்டி
டு-வில் மறுபடி முழுசாய்.

நாலே முக்கால் நடையில் ஏறுகிறவர்கள்
இரவை இன்னும் துப்பாதவர்கள்.
வாய் திறந்து தூங்கியவர் யார்
பல்செட்டைக் கழற்றாமல் படுத்தவர் யார்
சொல்லிவிடுவேன்.
போயிலை அதக்கியவர் படியேறும்போதே தெரிவார்.
தாணிக்கோட்டகத்தில் ஒரு மூக்கடைத்த பையன்,
வாயாலேயே மூச்சு வாங்கி
வாயாலேயே வாய்ப்பாடு ஒப்பிப்பான்.
நோன்புக்காரர் துண்டால் பொத்தி
முத்துப்பேட்டை என்பார்.
அது பசியின் வாசம்.
அதற்கு நான் முகம் திருப்பியதில்லை.

செவ்வாய், வெள்ளி
ரத்தம் சுத்தம் பண்ண திருவாரூர் போகும் காத்தாயி அக்கா
பேச்சைக் குறைத்துக்கொண்டாள்.
விரலைக் காட்டுவாள். டிக்கெட் கிழிப்பேன்.

அப்பாக்கண்ணுவிடம்
அழுகத் தொடங்கிய பழத்தின் வாடை.
குடிச்சிருக்கான் என்று பக்கத்து சீட் நகர்ந்தது.
குடி வாடை எனக்குத் தெரியாதா,
சம்பள நாளின் கடைசி நடை முழுக்க அதுதானே.
"சுகர் பாருங்கண்ணே" என்றேன், மீதிச் சில்லறையோடு.
பத்து நாள் கழித்து அவர் மகள்
ஒரு சீப்பு பூவன் கொண்டுவந்து கொடுத்தாள்.

இவ்வளவு தெரிந்த மூக்குக்கு
இரண்டு விரல் கீழே இருப்பது தெரியவில்லை.

சரியான சில்லறையை நீட்டி
ஊரைச் சொல்லி
ஜன்னலுக்குத் திரும்பிக்கொண்டார்கள்.
மரியாதை என்று நினைத்தேன்.
ஏழு மாதம்.
டிரைவர் இருதயராஜ்தான் ஒருநாள்
கியர் கம்பியைப் பார்த்தபடியே
ஏலக்காய்ப் பொட்டலம் ஒன்றை நீட்டினார்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
ரைட் கொடுத்துவிட்டு
ஊதிய விசிலை முகர்ந்து பார்த்தேன்.

கிராம்பு. உப்பு. நாக்கு வழிக்கிற தகடு.
மூன்று வேளையும் பிரஷ்.

பல் டாக்டர் டார்ச் அடித்துத் தேடினார்.
சொத்தை இல்லை. ஈறு வீங்கவில்லை.
தொண்டைச் சதையில் வெள்ளைக் கட்டி இல்லை.
"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பே?"
"டியூட்டி முடிஞ்சுதான் சார்."
"அதுவரைக்கும்?"

அதுவரைக்கும் என்னவென்று எப்படிச் சொல்ல.
பஸ் ஸ்டாண்டில் பெண்கள் கழிப்பறைக்குப் பூட்டு உண்டு.
சாவி டீக்கடையில் என்பார்கள்.
டீக்கடைக்காரர் டைம் ஆபீசில் என்பார்.
அங்கே நாலு ஆம்பிளைகள்
எதுக்கும்மா சாவி என்பார்கள்.
வாய்மேட்டில் கருவேலங்காடு,
இருதயராஜ் போய் வருவார்.
வேலைக்குச் சேர்ந்த மாதமே நீர்க்கடுப்பு.
பிறகு கற்றுக்கொண்டேன்,
குடிக்காமல் இருந்தால்
போகாமல் இருக்கலாம்.

"எச்சில் ஊறணும்மா, ஊறி ஓடணும்.
ஓடாத இடத்துலதான் கிருமி குடியிருக்கும்."
வாய்க்கால் என்ற சொல்லில்
வாய் இருப்பதை அன்றுதான் கவனித்தேன்.
மேட்டூரில் திறந்தார்கள், கல்லணையில் திறந்தார்கள்,
என் நாக்குக் கடைமடைக்கு
வந்து சேரவில்லை.

டெப்போ மேனேஜருக்கு மனு எழுதினேன்.
பொருள் என்ற இடத்தில்
வாய் துர்நாற்றம் என்று எழுதி, அடித்து,
கழிப்பறைச் சாவி என்று எழுதினேன்.
வாங்கியவர் சீல் குத்தினார்.
அவ்வளவுதான் இதுவரை.

இன்று மானங்கொண்டான் ஆற்றுப் பாலத்தில்
எதிரே நெல் லாரி, வண்டி ஒதுங்கி நின்றது.
கீழே நுங்கும் நுரையுமாய்ப் புதுத்தண்ணீர்.
பாட்டிலைத் திறந்து பாதி குடித்தேன்.
கண்ணாடியில் பார்த்த இருதயராஜ்
"எங்கம்மா நிறுத்தணும்?" என்றார்.
"சாவி இருக்கிற எடத்துல" என்றேன்,
பஸ்ஸுக்கே கேட்கும்படி,
வாயைப் பொத்தாமல்.