சிற்றாலய இடாப்பு

புதன்கிழமை ஏழு இருபதுக்கு மணி,
ஏழு முப்பதுக்கு ஜெபம்.
இடையில் இருக்கிற பத்து நிமிடத்தில்
விடுதிப் படியிறங்கி, சப்பாத்தைக் கழற்றி,
வாசலில் பையைத் திறந்து காட்டி
உள்ளே வருகிறவர்களை நான் எண்ண வேண்டும்.
எத்தனை வருடமாகியும்
திறந்துதான் காட்டுகிறோம்.

நீல மட்டை. வந்தால் சிவப்பில் சரி,
வராவிட்டால் கறுப்பில் பூச்சியம்.
எண்பது வீதத்துக்குக் கீழே போனால்
நற்சான்றிதழில் ஒரு வரி குறையும்.
அந்த ஒரு வரிக்காக
தலையில் நீர் சொட்டச் சொட்ட ஓடி வருகிறாள் றொஷாந்தி.
போனால் போகட்டும் என்று
கன்டீன் பின்சுவரில் சாய்ந்து
கணக்குக் கொப்பியைப் பார்த்தெழுதுகிறாள் மெர்வினா ராகல்.
அவளுடைய பூட்டனாரின் பெயர்
மூன்றாவது வாங்கில், பித்தளைத் தகட்டில்,
ஒரு நாளும் பிந்தாமல் இருக்கிறது.

"கண்களை மூடுவோம்" என்கிறார்
குருவானவர் நேசதுரை.
நூற்றுப் பதினாறு பேர் மூடுகிறார்கள்.
நான் மூடுவதில்லை.
பிந்தியவர்கள் அப்போதுதான்
பக்கக் கதவால் நுழைவார்கள்.

ஆகவே எனக்குத் தெரியும்:
ஜெனிற்றாவின் மேலுதடு
மீன் விலை பேசுகிறவள்போலத் துடிக்கும்.
உயிரியல் ரீச்சர் கண்மூடியபடியே
கடிகாரத்தின் கண்ணாடியைத் தடவுவார்.
சில்வியா, எல்லோரும் ஆமென் சொல்லி
வாங்குகள் கிரீச்சிட்ட பிறகும்
மூடியே இருப்பாள்.
அவளிடம் மட்டும்
ஏதோ சொல்லப்பட்டுக்கொண்டிருப்பது போல.

மௌன ஜெபம் ஒரு நிமிடம்.
சரியாக அந்த நிமிடத்தில்
வாவிக்கரை வீதியால் பாண் ஓட்டோ
தன் ஒரே மெட்டை இசைத்துக்கொண்டு போகும்.
ஒருவரும் சிரிப்பதில்லை.
வயிறுகள் கேட்டுக்கொள்ளும்.
பரமண்டல ஜெபத்தில் ஆகாரம் கேட்கிற இடத்துக்கு
நாங்கள் இன்னும் வந்து சேர்ந்திருக்க மாட்டோம்.

கடைசி வாங்கில், தூணுக்கு அந்தப் பக்கம்,
கிரானில் இருந்து வந்த யோகதாரணி.
சைவப்பிள்ளை. அவளுக்கு மண்டபத்தில் தேவாரம்.
அங்கேயும் ஓர் இடாப்பு உண்டு,
அதில் அவளுக்கு எல்லாம் பூச்சியம்.
"அப்ப ஏன் இஞ்ச வாறாய்?" என்று
பைப்படியில் வைத்துக் கேட்டேன்.
வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டுச் சொன்னாள்:
"இஞ்ச என்ன ஒருத்தரும் எண்ணுறல்ல கா.
அங்க பேர் கூப்பிடக்குள்ள
வந்திரிக்கன் எண்டு சொல்லோணும்.
சில நாளைக்கு என்னால ஏலாது."

எண்ணியிருந்தேன்.
பதினான்கு புதன்.
அவளுக்குக் கட்டம் இல்லாததால்
எழுதவில்லை, அவ்வளவுதான்.

என் பெயருக்கு நேரே
முழுவதும் சிவப்பு.
நான் போட்டது. அநேகமாக
வாசலில் நிற்கும்போதே போட்டுவிடுவது.

கார்த்திகையில் ஒரு புதன், வானம் பிய்ந்து கொட்டியது.
பாலத்தடியில் வாவி வீதிக்கு ஏறி,
பஸ் பிள்ளைகள் ஒருவரும் இல்லை.
விடுதிக்காரர் முப்பத்தொரு பேர்.
கரண்டும் இல்லை.
குடையை மடக்கும்போது இடாப்பு நழுவி
படிக்கட்டுத் தண்ணீரில் விழுந்தது.
எடுத்து விரித்தால்
ஒரு தவணைச் சிவப்பு முழுக்க ஊறி
பூச்சியங்களுக்குள் இறங்கியிருந்தது.
மெர்வினாவும் றொஷாந்தியும்
ஒரே நிறம்.

ஓர்கனின் மூடிமேல் அதைக் காயப் போட்டுவிட்டு
செய்ய வேலை இல்லாமல்
தூணுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தேன்.
யோகதாரணி ஒள்ளுப்பம் நகர்ந்து இடம் தந்தாள்.

கண்ணை மூடினேன்.
பழக்கமில்லை. இமை குதித்தது.
இருட்டுக்குள்ளும் எண்ணினேன்:
ஓட்டிலிருந்து வாளிக்குள் விழும் துளிகள்,
அழுத்தினால் சத்தம் வராத
அந்த ஒரு கட்டை எத்தனை தரம் வருகிறது என்று.
பிறகு எங்கேயோ எண்ணிக்கை தப்பிவிட்டது.

பக்கக் கதவு முனகியது.
ஈரக் கால்கள். யாரோ பிந்தி வந்து
மூச்சு வாங்கிக்கொண்டு
எங்கள் வாங்கின் ஓரத்தில் அமர்ந்தார்கள்.
நான் பார்க்கவில்லை.

தவணை முடிவில் புது இடாப்பில்
எல்லாவற்றையும் நினைவிலிருந்து ஏற்றி எழுதினேன்.
அந்தப் புதனின் நிரலில்
மேலிருந்து கீழாக
'மழை' என்று மட்டும்.
அதிபர் அதற்கும் சேர்த்துக் கையொப்பம் வைத்தார்.