தளர்வாகத் தைத்தால் போதும்

முதல் முறை வந்தபோது
முதுகைக் காட்டித்தான் அறிமுகமானான்.
"ஓடெகார்ட். நடுவில் இரண்டு ஏ.
எல்லோரும் ஒன்றை விழுங்கிவிடுவார்கள்."
வாசல்வரை போய்த் திரும்பி,
"தளர்வாகத் தைத்தால் போதும்" என்றான்.

அயோவாவில், சோளக்காட்டை ஒட்டிய மைதானம்.
விளக்குக் கம்பம் ஆறு, இருக்கை நாலாயிரம்.
அதற்கு அடியில், சலவை எந்திரங்களுக்கும்
வெந்நீர்க் குழாய்க்கும் நடுவே என் மேசை.
போஸ்னியாவிலிருந்து வந்த புதிதில்
ஊசி பிடிக்கத் தெரிந்தால் போதும் என்று சேர்த்துக்கொண்டார்கள்.
பேஸ்பால் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.
எனக்குத் தெரிந்ததெல்லாம் முதுகுகள்.
தங்குகிற முதுகுக்கு இரட்டை நூல்,
போகிற முதுகுக்கு ஒற்றை.

ஜூனில் வந்தான். ஆகஸ்டில் டல்சாவுக்கு விற்றார்கள்.
அடுத்த வருடம் யாரோ ஒரு நல்ல ஆட்டக்காரனுக்கு மாற்றாக,
"ஒருவரைத் தருகிறோம், பெயர் பின்னால்" என்று
ஒப்பந்தம் எழுதினார்களாம்.
அந்தப் பெயர் தன்னுடையது என்பதை
பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில்
வானொலியில் கேட்டிருக்கிறான்.
"நியாயம்தான். என் பெயர் எப்போதும் பின்னால்தானே"
என்று முதுகைத் தட்டிக் காட்டினான்.

காலையில் எல்லோருக்கும் முன்னால் வருவான்.
ஒரு வாளி நிறைய அரிசி.
முழங்கைவரை கையைப் புதைத்து
விரல்களை விரிப்பான், மூடுவான், விரிப்பான்.
வளைபந்து வீசுகிற பிடி அதிலிருந்து வருமாம்.
பருவம் முடிவதற்குள் அரிசி
சாம்பல் நிறமாகிவிடும்.
இதுவரை எத்தனை மூட்டை என்று கேட்டேன்.
"ஒரு கல்யாணத்துக்கு ஆகும்."
டல்சாவில் அவன் கல்யாணம் நின்றுபோனது
எனக்கு அப்போது தெரியாது.

முப்பத்திரண்டாம் வயதில் மேலே கூப்பிட்டார்கள்.
பெரிய லீக். பதினேழு நாள்.
சலவை அறைத் தொலைக்காட்சியில் பார்த்தேன்:
எட்டாவது இன்னிங்ஸ், தூறல், தோற்றுக்கொண்டிருக்கும் ஆட்டம்,
பாதிப் பேர் எழுந்து போய்விட்ட கூட்டம்.
மேட்டில் ஏறி நின்றான்.
கேமரா பின்னாலிருந்து காட்டியது.
எல்லோரும் பந்தைப் பார்த்திருப்பார்கள்.
நான் பார்த்தது, இரண்டு ஏ-க்கும் நடுவே
அரை விரல் அதிகமாகக் கிடந்த இடைவெளி.
அத்தனை பெரிய இடத்தில்
யாரோ அவசரமாகத் தைத்திருக்கிறார்கள்.
அந்த ஆளைத் திட்டிக்கொண்டே இருந்ததில்
மூன்று பேரை வரிசையாக அவன் வெளியேற்றியதை
புல் வெட்டுகிற எல்வுட் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

பிறகு தோள் கிழிந்தது.
"உங்களைவிட மோசமான தையல்" என்று
சட்டையை விலக்கிக் காட்டினான்.
மெக்சிகோவில் ஒரு குளிர்காலம்.
இத்தாலியில் சம்பளம் தராத ஒரு கோடை.
மறுபடி இங்கே.
மூன்றாம் முறை, அவன் சொல்லாமலே
ஒற்றை நூல் கோத்தேன்.
இல்லை. பொய் எதற்கு?
இரட்டை நூல்தான் போட்டேன்.
கவனிக்காதவன்போல மாட்டிக்கொண்டான்.

ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை
மேலாளரின் அறைக்கதவு மூடித் திறந்தது.
மூன்று நிமிடம்கூட இருக்காது.
சட்டையை என் மேசையில் வைத்தான், மடித்து.
வயது முப்பத்தெட்டு.
பெட்டி ஏற்கனவே காரில் இருந்தது;
அது எப்போதும் காரில்தான் இருக்கும்.
அரிசியை வண்டி நிறுத்தும் இடத்தில் கொட்டிவிட்டு
வாளியை மட்டும் எடுத்துப் போனான்.
புறாக்கள் கொஞ்சம் யோசித்துவிட்டு வந்தன.

அந்தத் தையலைப் பிரிக்க
மதியம் முழுக்க ஆயிற்று.
வியாழக்கிழமை ஒரு புதுப் பையன்.
இடதுகைக்காரன், பெயர் கார்ஸா.
ஜி, ஏ, ஆர், ஏ
நான்கும் ஓடெகார்டிடமிருந்தே கிடைத்துவிட்டன.
இஸட் ஒன்றுதான்
கடையில் வாங்க வேண்டியிருந்தது.