பதினோரு வில்லைகள்

வீட்டிலிருந்து ஏதாவது கொடுங்கள்,
சுவரோவியத்தில் பதித்துவிடுகிறோம் என்று
ஊர் அருங்காட்சியகத்திலிருந்து கடிதம் வந்தது.
பக்கத்து வீட்டார் துருப்பிடித்த கொக்கி கொடுத்தார்கள்.
பாதிரியார் வீட்டில் ஒரு கோப்பையின் கைப்பிடி.
ஓட்டெசென் குடும்பம் பெயின்ட் செலவு மொத்தத்தையும் ஏற்றுக்கொண்டது.

எங்களிடம் இருந்தவை பதினோரு பித்தளை வில்லைகள்.

ஒரு பீப்பாய் நிறைய ஹெர்ரிங் மீனை
உப்பிட்டு அடுக்கினால் ஒரு வில்லை.
கையெல்லாம் உப்பும் செதிலும் என்பதால்
மேஸ்திரி அதைப் பெண்களின் பூட்ஸுக்குள் போடுவான்.
கணுக்காலில் சில்லென்று இறங்கும்.
வாரக் கடைசியில் எண்ணிக் கொடுத்தால் கூலி.

அம்மாவுக்கு அப்போது பத்தொன்பது வயது.
அந்த ஜூலை இரவில்
(இரவென்று சொல்வது சும்மா,
ஐஸ்லாந்தின் வடக்கில் சூரியன் தூங்குவதாகப் பாவனைதான் செய்யும்)
பதினோரு பீப்பாய்.
சனிக்கிழமை காலை அலுவலகக் கதவில் பூட்டு.
ஓட்டெசென் திவாலாம்.
அடுத்த வருஷமே திவாலானவர் வீட்டில்
இரண்டாவது மாடி எழும்பியது.

"சுவருக்கா கொடுக்கப்போகிறோம்? அது அவர்கள் கிடங்குச் சுவர்"
என்றான் தம்பி ஹால்வர்துர்.
உண்மைதான். அருங்காட்சியகம் நடப்பதே பழைய ஓட்டெசென் கிடங்கில்.
அதனால்தான் கொடுக்க வேண்டும் என்றேன்.
மூன்று நாள் எங்களுக்குள் பேச்சில்லை.
கடைசியில் பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் அவனேதான்.

ஓவியர் இல்ஃபா வில்லைகளை மீன்களின் கண்களாக்கினாள்.
நீலத்தில் ஒரு சிறு கூட்டம்,
எல்லாம் வாசலையே பார்த்தபடி,
வரவேண்டியவர் இன்னும் வரவில்லை என்பதுபோல்.
கீழே தகடு.
பெரிய எழுத்தில் ஓட்டெசென்.
சின்ன எழுத்தில், நன்றியுடன், மற்றக் குடும்பங்கள்.

திறப்பு விழாவில் மேயர் பேசிக்கொண்டிருக்கையில்
அம்மா எழுந்து சுவரருகே போனாள்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள்.
மறுபடி எண்ணினாள்.
"பத்து" என்றாள்,
கப்பல்துறையில் கத்திப் பழகிய குரலில்.
மேயர் நிறுத்தினார்.
ஓட்டெசென் பேரன் கையிலிருந்த கேக்கைப் பார்த்தான்.
ஹால்வர்துர் கூரையின் உத்தரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

காரில், சாவியைத் திருகுமுன்,
சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினான்.
அம்மா வாங்கினாள். ஒன்றும் சொல்லவில்லை.
இந்தப் பக்கம், அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.
குனிந்து
பூட்ஸுக்குள் போட்டுக்கொண்டாள்.