பத்திரத்தில் வராதது

அண்ணனுக்குக் கிணற்று மேட்டு நிலம்.
எனக்கு ஓமலூர் ரோட்டை ஒட்டிய காடு.
சீட்டெழுதிக் குலுக்கிப் போட்டு
செவ்வாய்ப்பேட்டை வக்கீல் வீட்டில்
சாட்சி வைத்துக் கையெழுத்துப் போட்டோம்.
வரப்பில் ஒரு தென்னை நின்றது.
அதற்கு மட்டும் இரண்டு நாள் சண்டை.

பெருங்குடலில் கட்டி என்று
பதினான்கு மாத இடைவெளியில்
இருவருக்கும் எழுதிக் கொடுத்தார்கள்.
ஒரே ஸ்டேஜ், ஒரே மருந்து.
பெரியாஸ்பத்திரியில்
அதே ஜன்னலோரக் கட்டில்கூட எனக்கு வாய்த்தது.
கம்பியில் அவர் கட்டியிருந்த துண்டின்
நீல நூல் இன்னும் சிக்கியிருந்தது.

செங்கோடன், என் அண்ணன்,
மூன்றாம் ஊசியிலேயே வாயெல்லாம் புண்ணாகி
மோர்கூட இறங்காமல்
ஆடிப்பெருக்குக்கு முந்தின நாள் போய்விட்டார்.
நான் ஆறாவது ஊசி முடிந்த சாயங்காலம்
ஐந்து ரோட்டில் இறங்கி
தட்டுவடை செட் தின்றேன்.
இதை இன்னும் அண்ணியிடம் சொல்லவில்லை.

"பிறக்கும்போதே வந்ததாக இருக்கலாம்"
என்றார் டாக்டர் ரெஜினா.
மருந்தை உடைத்து வெளியேற்றும் ஜீனில்
ஓர் எழுத்து மாறியிருக்கலாம்;
அதே அளவு
ஒருவருக்கு மருந்து, ஒருவருக்கு மிகை.
கட்டியோடு உடம்பு மல்லுக்கு நிற்பதிலும்
அப்படி ஏதாவது இருக்கலாம்.
லாம், லாம் என்றே பேசிவிட்டு
"நிச்சயமாகச் சொல்ல முடியாது" என்று
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அந்தக் கட்டிலிலிருந்து சேர்வராயன் மலை தெரியும்.
ஏற்காடு பஸ்ஸில்
ஏழாவது வளைவுக்கே அண்ணனுக்குக் குமட்டும்.
எலுமிச்சம்பழமும் அவருக்கு,
ஜன்னலும் அவருக்கு.
எனக்கு இருபது வளைவும் ஒன்றும் செய்யாது,
பொறாமையைத் தவிர.
அதுவும் இதுவும் ஒன்றா என்று கேட்டேன்.
"இல்லை, அது வேறு."
எனக்கென்னவோ
ஒன்றாகத்தான் தெரிகிறது.

சீட்டுக் குலுக்காமல்
எங்களுக்குள் இன்னொரு பாகம் பிரிந்திருக்கிறது.
முத்திரைத்தாள் இல்லை, சாட்சி இல்லை.
சண்டை போட
இரண்டு நாள்கூடத் தரவில்லை.

நேற்று அண்ணன் மகள் இளவஞ்சி வந்தாள்.
காலேஜ் பையை இறக்காமலே கேட்டாள்:
"எனக்கு எது வந்திருக்கும் சித்தப்பா,
அப்பாவோடதா, உங்களுதா?"
ரத்தம் கொடுத்திருக்கிறாளாம்.
ரிசல்ட் வர மூன்று வாரம்.

வரப்பு மரத்துக் காய் எட்டு உரித்து வைத்திருந்தேன்.
பழக்கத்தில் கை நாலு நாலாகப் பிரித்தது.
பிறகு எட்டையும்
அவள் பையிலேயே போட்டேன்.
"கனக்குது" என்றாள்.