அளவு ஏழு

என் பூட்ஸ் அந்த வருஷம்
பதினோரு ஆட்டமும் ஆடியது.
நான் ஆடவில்லை.

வெறுங்காலோடு இறங்கக் கூடாதென்று
ஜூனில் சுற்றறிக்கை வந்தது.
பா-ஆன் பக்கத்து ஆற்றங்கரையிலிருந்து
படிக்க வந்த சோ லே வா
அறிவிப்புப் பலகை முன்னால் நின்று
தன் பாதங்களைப் பார்த்தான்.
கோச் ஊ பா சிட் என் பாதங்களைப் பார்த்தார்.
இருவருக்கும் ஏழு.
அவன் இடது கால் பேசும்.
நான் மாற்று ஆட்டக்காரர் பட்டியலில்
மூன்றாவது பெயர்.

அரிசி ஆலையில் கணக்கெழுதும் அப்பா
பெரிய மார்க்கெட் சீனர் கடையில்
ஆறு தவணைக்கு வாங்கித் தந்த ஜோடி.
இரண்டாம் தவணை கட்டுமுன்னே
முடோன் அணிக்கு எதிராக
அது முதல் கோலை அடித்துவிட்டது.

மோல்மேன் மழை தெரியுமா உங்களுக்கு?
விசில் ஊதினால் தண்ணீர்தான் வரும்.
பந்து மிதக்கும், கோடு கரையும்,
ரெஃப்ரி குத்துமதிப்பாகக் கை நீட்டுவார்.
குன்றின் மேலிருக்கும் பகோடா
ஆட்டத்துக்கு ஒருமுறை தெரிந்து
மறுபடி மேகத்துக்குள் போய்விடும்.
பெஞ்சில், ஓட்டைக் குடைக்குக் கீழே
வெறுங்காலோடு நான்.

தோற்கவேயில்லை நாங்கள்.
தட்டோனை மூன்றுக்கு ஒன்று.
பெகுவில் சமன்; அங்கே இருளப்பன்
ஒரு பெனால்ட்டியை மூக்கால் தடுத்தான்.
ரங்கூன்காரர்கள் சால்வின் ஆற்றைக் கடந்து
படகைவிட்டு இறங்கும்போதே
பாதிப் பேருக்கு வாந்தி.
அதை நம் வெற்றிக் கணக்கில்
சேர்க்க வேண்டாம் என்றார் கோச்.
சேர்த்துக்கொண்டோம்.

ஆட்டம் முடிந்த சாயங்காலம்
விடுதித் தாழ்வாரத்தில் அவன் பூட்ஸைக் கழுவுவான்.
பழைய செய்தித்தாளை உள்ளே திணித்து
சமையல்கட்டுச் சூட்டில் காயவைத்து
என் கட்டிலுக்கடியில் கொண்டுவந்து வைப்பான்,
இரவல் வாங்கிய பாடப்புத்தகம் மாதிரி.
நன்றி என்று ஒருநாளும் சொன்னதில்லை.
சொல்லியிருந்தால்
நான் ஏதாவது பெருந்தன்மையாகப் பேசித் தொலைத்திருப்பேன்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்.
அரையிறுதியில் கணுக்கால் பிசகி அவன் விழுந்தபோது
என் உடம்பு எழுந்துவிட்டது.
விரல்கள் மேல்சட்டைப் பித்தானைத் தேடின.
மனசு ஏற்கனவே மைதானத்தில் நின்றது.
அவன் எழுந்தான், நொண்டினான், உதறினான், ஓடினான்.
கைதட்டினேன்
எல்லோரையும்விடச் சத்தமாக,
யாரும் பார்த்திருக்கக் கூடாதே என்று.

கோப்பை இவ்வளவு சிறிதென்று
யாரும் சொல்லியிருக்கவில்லை.
முதல்வர் அதில் தேநீர் ஊற்றிக் குடித்துக் காட்டினார்.
புகைப்படத்தில் அவன் நடுவில், பந்தோடு.
நான் ஓரத்தில், தண்ணீர் வாளியோடு.
வாளிதான் தெளிவாக விழுந்திருக்கிறது.

மழை ஓய்ந்ததும் திருப்பித் தந்தான்.
புது லேஸ். மெருகேற்றிய தோல்.
மாட்டிப் பார்த்தேன்.
பெருவிரலுக்கு ஒரு பள்ளம், குதிகாலில் தளர்ச்சி,
இடது காலின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்து.
அளவு என்னவோ ஏழுதான்.

மறுநாள் வகுப்புக்கு அதில்தான் போனேன்.
வழியில் கிடந்த மங்குஸ்தான் ஓட்டை
இடது காலால் எத்தினேன்.
எனக்கு வலது கால்தான் பழக்கம்.
அது எழும்பி, வளைந்து,
முதல்வரின் சைக்கிள் மணியில்
கணீரென்று பட்டது.

கடைசித் தவணை அடுத்த வாரம்.