இரண்டு கோடு

பகாவுக்கு வெளியே செம்பனை ஆலையில்
லாரிகளை எடைபோடுவது என் வேலை.
குலையோடு ஏறினால் ஓர் எண்,
கொட்டிவிட்டுத் திரும்பினால் ஓர் எண்,
கழித்தால் வருவதுதான் பழம்.
பதினோரு வருஷம் கழித்துக்கொண்டே இருந்தவள்
பங்குனி இருமலை மட்டும்
எந்தப் பத்தியில் எழுதுவதென்று தெரியாமல் நின்றேன்.

ஆலைப் புகை என்றார்கள்.
தாமான் கிளினிக்கில் சிவப்புத் தண்ணி மருந்து,
முப்பத்தைந்து வெள்ளி.
அப்புறம் கைக்குட்டையில் ரத்தம்.
காசநோயோ என்று மூன்று காலை
புட்டியில் சளி பிடித்தேன்.
மூன்றிலும் ஒன்றுமில்லை.
மாமியார் என் தம்ளரைத் தனியே எடுத்துவைத்தார்.
நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நடுநடுவே தீட்டு, நாள் கணக்கில்லாமல்.
இருமலுக்கும் அதற்கும் என்ன என்று
நானே எடைபோட்டுத் தள்ளிவிட்டேன்.

கோலப்பிலா ஆஸ்பத்திரியில் டாக்டர் நோரைனி,
தூக்கம் பார்க்காத இருபத்தேழு வயசு,
எக்ஸ்ரேயைப் பார்த்தபடியே இருந்தாள்.
நுரையீரலில் உதிரிப்பழம் இறைத்தாற்போல்
உருண்டை உருண்டையாய்.
கடைசியாக எப்போது உண்டானீர்கள், மலாயில் கேட்டாள்.
தீபாவளிக்கு முன்னால். பத்தாம் வாரம் கலைந்தது.
வெளிவந்ததை யாராவது சோதித்தார்களா?
குளியலறையில் தானாய் வந்தது.
தண்ணீர் ஊற்றினேன்.
பேனாவை மூடினாள். திறந்தாள்.
பிறகு ஒரு சின்னக் குவளையை நீட்டினாள்.
இருமலுக்கு மூத்திரமா,
நர்ஸ்கூடச் சிரித்துவிட்டாள்.

இரண்டு கோடு.

வாசலில் நின்ற குணாளன் முகம்
ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், மலர்ந்தது.
அதைத்தான் இன்னும்
என்னால் கழிக்க முடியவில்லை.

ஸ்கேனில் பிள்ளை இல்லை.
பிள்ளைக்குச் சோறூட்ட வந்த சதை
பிள்ளை போன பிறகும் வேலையை விடாமல்
ரத்தத்தில் ஏறி நெஞ்சுக்குப் போய்
அங்கே குடித்தனம் வைத்திருக்கிறது.
நஞ்சுக்கொடி என்று பேர் வைத்தவர்கள்
எதைக் கண்டு வைத்தார்களோ.

அபூர்வம் என்றார் சிரம்பான் பெரிய டாக்டர்.
அந்தச் சொல்லை அதுவரை
சாமி புறப்பாட்டுக்குத்தான் கேட்டிருக்கிறேன்.
வெட்டிப் பார்க்க வேண்டாம், ரத்தம் பொங்கிவிடும்,
எண்ணே போதும் என்றார்.
இரண்டு லட்சத்துப் பன்னிரண்டாயிரம்.
மருந்துக்கு மடங்கும் ஜாதி, பயப்படாதே.
பயந்தேன்.

ஐந்து மருந்து. ஒரு வாரம் வார்டில் ராத்தங்கல்,
மறுவாரம் போய்த் திரும்பல்.
புக்கிட் பூத்துஸ் வளைவுகளில்
கருப்புப் பிளாஸ்டிக் பை என் மடியில்.
பக்கத்துக் கட்டில் மக்சிக் ரொகாயா,
அவளுக்கு வேறு இடத்தில் வேறு அபூர்வம்,
உப்புப் புளி மிட்டாய் ஒன்றைக்
கையில் திணித்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.
தலைமுடி தலையணையில் தங்கியது.
வாய் முழுக்கப் புண்; ரசம்கூட எரிந்தது.

எண் இறங்கியது.
பதினெட்டாயிரம். தொள்ளாயிரம். நாற்பத்தொன்று.
பிறகு நாற்பத்து மூன்று.
இரண்டே இரண்டுதான் கூடியது.
லாரியில் அது ஒரு கிளீனரின் செருப்பு எடை.
அந்த வாரம் வீட்டில் யாரும்
தொலைக்காட்சி போடவில்லை.
மறுவாரம் பதினாறு.

ஒன்றுமில்லை என்று வந்த பிறகும்
மூன்று சுற்று ஊற்றினார்கள்.
கண்ணுக்குத் தெரியாததற்கு, என்றாள் நர்ஸ்.
எடைமேடையிலும் அப்படித்தான்;
மழைநாளில் சேற்றுக்குக் கழிப்போம்.

இப்போது முடி விரல்நீளம்.
ஒரு வருஷம் உண்டாகக்கூடாது,
மாசம் ஒரு புட்டி ரத்தம் தர வேண்டும்.
அதுதான் சரியான கணக்கு, தெரியும்.
இருந்தும் பார்மசியில் ஒரு குச்சி வாங்குகிறேன்.
கல்லாவில் இருக்கும் சீனப்பெண்
வாழ்த்துபோலச் சிரிக்கிறாள்.
சில்லறையை எண்ணாமல் வாங்கிக்கொள்கிறேன்.

குளியலறைக் கதவுக்கு வெளியே
குணாளனின் செருப்புச் சத்தம்
போகிறது, வருகிறது.
எத்தனை, என்கிறான்.

ஒன்று.

சரி என்கிறான். சின்னவளுக்குப்
பள்ளிக்கூட பஸ் வந்துவிட்டது,
அவளுடைய இன்னொரு காலுறையைக் காணோம்.