கொடிமொழி

மூன்றாம் பாடம் முடிகையில்
கொன்வென்ட் மதிலுக்கு அப்பால்
இரண்டு லேஞ்சியோடு நிற்பார் அம்மப்பா,
கடற்படையில் சிக்னல்காரராயிருந்த வஸ்தியாம்பிள்ளை.
டச்பே காற்று சாரத்தைப் பறிக்கும்.
கைகள் ஏறும், சரியும், நிற்கும்:
புட்டு. பிறகு, சூடைப் பொரியல்.
மத்தியானச் சாப்பாடு
வகுப்பில் எனக்கு மட்டும் முன்கூட்டியே தெரியும்.

எண்பத்தைந்தில் உட்துறைமுக வீதிச் சோதனைச்சாவடி.
மீசை அரும்பாத கடற்படைப் பையன்
கையை விரி என்றான்.
மடியில் பென்ஷன் புத்தகம்,
எனக்கு வாங்கிய தோடம்பழ இனிப்பு.
தோள்மட்டத்துக்கு நீட்டினார்,
ஒரு பாகை பிசகவில்லை.
கொடிமொழியில் அது
றெஜினாவின் முதலெழுத்து.
என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.
பையன் இடுப்பைத் தடவிக்கொண்டிருந்தான்.

நேற்றுப் பெட்டிக்குள்
கட்டைவிரல் இரண்டையும் சேர்த்து
வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள்.
எவ்வளவு நேரம் பார்த்தும்
எழுத்து எதுவும் வரவில்லை.

அவிழ்த்துவிடுங்கோ என்றேன்.